றெஜினா அக்காவின் அரைமணித்தியாலம்

1

படம் முக்கால்வாசி ஓடிவிட்டது. திரையில் ஒரு கறுப்பினக் கவிஞர் மேளத்துக்குப் பக்கத்தில் நின்று கவிதை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், மஞ்சள் சேலைக்கு மேல் குளிர் கோட்டுப் போட்ட ஒரு பெண் நடந்து போனார். கையில் ஒரு கடதாசிக் கட்டு. கதவடியில் ஒருதரம் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு காணவில்லை.

நான் எழும்பி நின்றுவிட்டேன்.

"அப்பா, இருங்கோ. பின்னால இருக்கிற ஆக்களுக்கு மறைக்குது," என்று அனீட்டா கையைப் பிடித்து இழுத்தாள். அனீட்டா என் மகள். டவுன்டவுனில் சிநேகிதிகளோடு வீடெடுத்து இருக்கிறாள். ஆவணப்படங்களை வெட்டி ஒட்டித் தொகுக்கிற வேலை. பெப்ரவரி மாதத்துப் பனிக்குள் ஞாயிறு மத்தியானம் என்னை மெட்ரோவில் ஏற்றி, "ஒரு நல்ல படம், வந்து பாருங்கோ" என்று வற்புறுத்திக் கூட்டிப் போனவளும் அவள்தான்.

"அது றெஜினா அக்கா," என்றேன்.

"ஆர் றெஜினா அக்கா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்குக் கோபம் தொடங்கியது. மகள்மேல் இல்லை. யார்மேல் என்று கண்டுபிடிக்கச் சில கிழமைகள் எடுத்தன. கண்டுபிடித்த பிறகும் ஆறவில்லை. ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எழுதுவது மனப்பாரம் இறக்குவதற்காக இல்லை. வெளிநாட்டில் நாங்கள் தமிழும் கலையும் வளர்த்துக் கிழிப்பதாக ஆண்டுவிழா மலர் அச்சடித்து உங்களுக்கும் அனுப்புகிறோமே, அதை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள் என்று சொல்லத்தான்.

2

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நாங்கள் மொன்றியலுக்கு வந்து இறங்கிய காலத்தில், இங்கே கேபிள் நிறுவனமொன்று சமூக அலைவரிசை நடத்தியது. அதில் கறுப்பின மக்களின் கலைக்கென்று கிழமைக்கு ஒரு நிகழ்ச்சி வந்தது. தொடங்கியவர் மார்வா என்ற பெண். பார்படோஸிலிருந்து தாதியாக வந்தவர். அதற்கு முன்னால் எங்கள் முகம் ரீவியில் தெரிந்தால் அது பொலிஸ் செய்தியாகத்தான் இருக்கும் என்று படத்தில் அவரே சொல்கிறார். அவர் பாட்டுக்காரரைக் கூப்பிட்டார், ஓவியரைக் கூப்பிட்டார், தையல் தொழிற்சாலையில் வேலைசெய்துகொண்டு நடனம் பழக்கிய பெண்ணைக் கூப்பிட்டார். யாரும் வெள்ளைக்காரருக்கு விளக்கம் சொல்லவில்லை. தங்களுக்குள் கதைத்தார்கள், சண்டை பிடித்தார்கள், சிரித்தார்கள். விருப்பமானவன் பார்க்கலாம் என்பதுதான் அவர்கள் நின்ற நிலை.

அந்த நிகழ்ச்சியைப் பற்றித்தான் இப்போது முழுநீளப் படம் வந்திருக்கிறது. எப்படி வந்தது? அலைவரிசைக்காரர் ஒளிபரப்பி முடிந்த வீடியோக் கசற்றுக்கு மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிகிற வழக்கம் உள்ளவர்கள். மார்வா அதைக் கண்டுகொண்டார். ஒவ்வொரு கிழமையும் கசற்றை உடுப்புக் கூடைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் பெட்டிக்குள் என்று எல்லா இடமும் அடுக்கி வைத்திருந்தார். படத்தில் அந்தக் கட்டிலைக் காட்டுகிறார்கள். அரங்கில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதே ஸ்ரூடியோவில், சனிக்கிழமைகளில், மார்வாவின் ஆட்கள் முடித்து வெளியே வந்ததும் உள்ளே போனவர்கள் நாங்கள். தமிழ் நிகழ்ச்சி, அரைமணித்தியாலம். தயாரித்ததும் முன்னால் இருந்து கதைத்ததும் றெஜினா அக்கா. மன்னாரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், இங்கே ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், சமைத்தார். இரண்டு கமெராவில் ஒன்றை நான் பிடித்தேன். சம்பளம் கிடையாது, அக்கா கொண்டுவரும் புட்டும் சம்பலும்தான்.

மார்வாவின் நிகழ்ச்சியைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துப் பார்த்து அக்கா தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். மாலை கிடையாது, வரவேற்புரை கிடையாது, நன்றியுரை கிடையாது. கலைஞர் வருவார், செய்வார், கதைப்பார். செபமாலை அண்ணாவியார் என்று ஒரு கூத்து வாத்தியார், டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவியவர், ஈரம் காயாத கையோடு வந்து நாட்டுக்கூத்துப் பாடினார். கமெராவுக்குப் பின்னால் நின்ற எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் செத்துக் கனகாலம்.

"அப்ப எங்கட ஆக்களுக்கும் இப்பிடி ஒண்டு இருந்ததா?" என்றாள் அனீட்டா, மெட்ரோவில் திரும்பி வரும்போது.

"ஓம்."

"நீங்க ஒருநாளும் சொல்லேல்லையே."

"சொன்னா, காட்டெண்டு கேப்பாய். காட்டுறதுக்கு என்னட்டை என்ன இருக்கு?"

"கசற் எங்கை?"

அந்த அரைமணித்தியாலம் எங்கேயாவது மிச்சமிருக்கிறதா என்று தேடத் தொடங்கியது அப்படித்தான். அந்தக் காலத்து அக்காவைக் காட்ட, நான் அறிய மிஞ்சியிருந்த ஒரே அசைகிற படம், வேறொரு இனத்தவர் தங்களுடையதைப் பத்திரப்படுத்தியபோது தற்செயலாக ஓரத்தில் அகப்பட்ட அந்த மஞ்சள் சேலைதான். அதிலும் அக்காவுக்குப் பெயர் இல்லை, குரலும் இல்லை.

3

கேபிள் நிறுவனத்துக்கு நானே ஃபோன் எடுத்தேன். இத்தனை வருடம் இங்கே வரி கட்டியவன், பிரெஞ்சு வகுப்புக்கும் போனவன், எனக்கு ஏன் பிள்ளையின் உதவி என்று ஒரு வீறாப்பு. பாட்டுப் போட்டார்கள், இலக்கங்களை அமத்தச் சொன்னார்கள், திரும்பவும் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் ஒரு பொடியன் வந்தான். பழைய தமிழ் நிகழ்ச்சி வேண்டும் என்று என் பிரெஞ்சில் சொன்னேன். அவன் உற்சாகமாகி, தமிழ் சினிமா அலைவரிசைகள் எல்லாம் சேர்த்து ஒரு பொதி இருக்கிறது, இன்றைக்கே இணைத்துவிடுகிறேன் என்றான். வேண்டாம் என்று விளங்கப்படுத்துவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

பிறகு அனீட்டா எடுத்தாள். அவள் பிரெஞ்சுக்குக் கதவுகள் தானாகத் திறக்கும். பழைய சமூக அலைவரிசையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒருவரைப் பிடித்துவிட்டாள். அவர் சொன்ன பதில் இதுதான்: உங்கள் ஆட்களின் கசற்றுகளை நாங்கள் அழிக்கவில்லை. அந்த அம்மா ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கிப் போய்விட்டார். தங்கள் சங்கத்தில் வைக்கப்போவதாகச் சொன்னார்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சங்கத்தில் என்றால் பத்திரமாகத்தான் இருக்கும் என்று மகளிடம் சொன்னேன்.

4

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பலகாலம் செயலாளராக இருந்தவர் மரியதாஸ் அண்ணை. இப்போது டொலார்ட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். நானும் அனீட்டாவும் போனோம். நல்ல மனிதர். அதைத்தான் என்னால் இன்னும் சீரணிக்க முடியவில்லை. தேத்தண்ணி தந்தார், வடை தந்தார், அனீட்டா தமிழ் கதைக்கிறாள் என்று மெச்சினார்.

"ஓம் ஓம், கசற்றுகள் கிடந்தது. அலுமாரி நிறையக் கிடந்தது," என்றார்.

"இப்ப எங்கை அண்ணை?"

"அது பாராட்டு விழாவுக்கு எடுத்ததெல்லோ."

"எந்தப் பாராட்டு விழா?"

"றெஜினாவுக்குச் செய்தது. நிகழ்ச்சி நிண்டாப் பிறகு, அந்தப் பிள்ளை இவ்வளவு காலம் பாடுபட்டது, ஒரு கௌரவம் செய்யவேணும் எண்டு கலைச்சுடர் பட்டம் குடுத்தனாங்கள். நீர் அண்டைக்கு வேலை போல, வரேல்லை. பெரிய சனம்."

நிகழ்ச்சி ஏன் நின்றது என்று அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். சங்கத்தாரின் பேச்சுகளையும் விளையாட்டுப் போட்டிப் பரிசளிப்பையும் அரைமணித்தியாலத்துக்குள் போடச் சொன்னார்கள். அக்கா மாட்டேன் என்றார். நேரம் சங்கத்தின் பெயரில் இருந்தது, ஆகவே அக்கா வெளியே. பிறகு அதைக் கொண்டிழுக்க ஆள் இல்லாமல் அதுவும் போய்ச் சேர்ந்தது. ஆளைத் துரத்திவிட்டுத்தான் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

"அதுக்கும் கசற்றுக்கும் என்ன அண்ணை?"

"வீடியோக்காரன் வந்திட்டான், கசற் கொண்டரேல்லை. ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் பூட்டு. எல்லாரும் கையைப் பிசைஞ்சுகொண்டு நிக்கினம். நான்தான் மூளையைப் பாவிச்சு அலுமாரியைத் திறந்தனான்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை.

"அதுக்குள்ளை அக்கான்ர நிகழ்ச்சி இருந்ததே."

"பழைய புரோகிராம்தானே தம்பி. ரீவியில போய் முடிஞ்சுது. பேந்து ஆர் பாக்கிறது?"

"விழாவுக்கு ஒண்டிரண்டு கசற் காணுமே. மிச்சம்?"

அண்ணை என்னை ஒரு விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "மேடையில இருந்த ஆக்களுக்கு விழா வீடியோவில ஒவ்வொரு கொப்பி குடுக்கவேணுமெல்லோ. பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர், வாழ்த்துரை சொன்ன ஆக்கள், பொன்னாடை போர்த்தின ஆக்கள், மாலை உபயம் செய்த ஆக்கள். ஒருதரையும் விடேலாது. விட்டா பேந்து கோபிப்பினம்."

அனீட்டா வடையைக் கையில் வைத்தபடி அப்படியே இருந்தாள். முழுவதும் விளங்கியதோ இல்லையோ, என் முகம் அவளுக்கு விளங்கியிருக்கும்.

நான் கத்தவில்லை. கத்தியிருக்கவேண்டும். ஒரு முதியவரின் வீட்டில், அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு எப்படிக் கத்துவது? போகும்போது அவர் தன்னுடைய கொப்பியை, பத்திரமாகப் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்ததை, எடுத்துத் தந்தார். "அருமையா இருக்கும், பாருங்கோ. ஒரு இடத்தில நான் நல்ல கிட்டவா நிக்கிறன்."

5

அனீட்டாவின் வேலையிடத்தில் அந்தக் காலத்துக் கசற் போடுகிற இயந்திரம் ஒன்று இருந்தது. போடுவதற்கு முன்னால் அவள் மேலே ஒட்டியிருந்த தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். 'கலைச்சுடர் பாராட்டு விழா' என்பதற்கு அடியில் இன்னொரு தாள். அக்காவின் வட்ட வட்டமான கையெழுத்தில், 'அண்ணாவியார் செபமாலை, கூத்துப்பாட்டு.'

படம் ஓடியது. மேடை நடுவில் கதிரையில் றெஜினா அக்கா. இரண்டு பக்கமும் ஆண்கள். ஒருவர் பின் ஒருவராக எழும்பிப் பேசினார்கள். ஒருவர் அக்காவின் ஊரை மாற்றிச் சொன்னார். ஒருவர் அக்காவைப் பற்றிச் சொல்ல வந்து, தான் கொழும்பில் வானொலி நாடகம் நடித்த கதையைச் சொல்லி முடித்தார். பிறகு பொன்னாடை. ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போர்த்தி, அக்காவின் நாடிவரைக்கும் சரிகை ஏறிவிட்டது. ஒவ்வொரு போர்த்தலுக்கும் எல்லோரும் கமெராவைப் பார்த்துத் திரும்பினார்கள். அக்கா மட்டும் மடியில் இருந்த ஒரு கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் மைக்கைப் பிடித்தார்.

"நேரம் போதாமை காரணமாக ஏற்புரை இடம்பெறமாட்டாது என்பதை மனவருத்தத்துடன் அறியத்தருகிறோம். அடுத்து இராப்போசனம்."

அக்கா கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அவ்வளவுதான். மணிக்கணக்கான விழாவில் விழா நாயகி வாய் திறக்கவில்லை.

கடைசியிலாவது பழைய பதிவு கொஞ்சம் மிச்சமிருக்கும், அண்ணாவியாரின் ஒரு வரியாவது வரும் என்று கசற் முடியும்வரை ஓடவிட்டோம். சாப்பாட்டு வரிசை வந்தது. இடியப்பத் தட்டு வந்தது. கோழிக்கறி வந்தது. சாப்பிட்ட கையைத் தூக்கிக்காட்டிச் சிரித்தவர்கள் வந்தார்கள். கோழிக் காலைக் கடித்தபடி மரியதாஸ் அண்ணை கிட்டவாக வந்தார். கசற் முடிந்தது.

அனீட்டா ஒரு கியூபெக் தூசணம் சொன்னாள். வீட்டில் அந்தச் சொல் சொன்னால் நான் சும்மா விடமாட்டேன். அன்றைக்கு விட்டேன்.

"அவவை அழிச்சுப்போட்டு, அதுக்கு மேலயே அவவைப் பாராட்டியிருக்கினம்," என்றாள். இவ்வளவு நீளமான தமிழ் வசனத்தை அவள் வாயால் நான் கேட்டுப் பல காலம்.

இந்தச் சங்கத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு அழுகை உண்டு. பிள்ளைகள் தமிழ் கதைக்கிறார்கள் இல்லை, விழாவுக்கு வருகிறார்கள் இல்லை, பிரெஞ்சும் இங்கிலிசும் அவர்களைக் கொண்டுபோய்விட்டது. நானும் அந்த அழுகைக்குத் தலையாட்டியவன்தான். அந்தப் பிள்ளைகள் வந்தால் எதைக் காட்டப்போகிறோம்? சரிகைக்குள் மூச்சுத் திணறுகிற ஒரு மனுசியையா? மார்வாவின் பேரப்பிள்ளைகள் அரங்கில் முன்வரிசையில் இருந்து, பாட்டி இளமையாக வந்த இடத்தில் விசிலடித்தார்கள். அவர்களைப் பிரெஞ்சு எங்கேயும் கொண்டுபோய்விடவில்லை. எங்களுக்கு எதிரி வந்து எதையும் எரிக்கவில்லை, அரசாங்கம் பூட்டவில்லை. அலுமாரித் திறப்பு எங்கள் கையில்தான் இருந்தது.

6

றெஜினா அக்கா இப்போது புரோசார்ட்டில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். முழங்கால் சரியில்லை, காது கொஞ்சம் மந்தம். வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

அனீட்டா கமெரா, மைக் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். முதலில் அந்தப் படத்துத் துண்டைத் தன் ஃபோனில் காட்டினாள். படமெடுத்தவர்களைக் கேட்டு வாங்கியிருந்தாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ர கடவுளே, அந்தக் கோட்டைப் பார். கோயிலில குடுத்த கோட்டு. ரெண்டு றெஜினா அதுக்குள்ளை நிக்கலாம்." சிரித்தார். பிறகு, "மார்வா இருக்கிறாளா?" என்றார்.

"இருக்கிறா. கசற்றெல்லாம் அவவின்ர கட்டிலுக்குக் கீழ இருந்திருக்கு."

சிரிப்பை விட்டுவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினார். "எனக்கும் சொன்னவள், யூட். வீட்டை கொண்டுபோ, ஒருதரையும் நம்பாதை எண்டு சொன்னவள். நான்தான், 'நீங்கள் தனிய நிக்கிறியள், எங்களுக்குச் சங்கம் இருக்கு, பூட்டுப் போட்ட அலுமாரி இருக்கு' எண்டு பெருமையடிச்சனான். அவள் என்ர தோளில தட்டிப்போட்டுப் போயிட்டாள்."

அலுமாரிக் கசற்றுகளுக்கு என்ன நடந்தது என்று சொல்லத்தான் நான் வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "தெரியும். விழா முடிஞ்ச அடுத்த கிழமையே தெரியும். எனக்கும் ஒரு கொப்பி தந்தவை. மேல ஒட்டின தாள் சரியா ஒட்டுப்படேல்லை."

"ஒண்டும் கேக்கேல்லையா அக்கா?"

"கேட்டனான். 'உங்களுக்குத்தானே அக்கா விழா செய்தனாங்கள், பேந்து ஏன் குறை சொல்லுறியள்' எண்டினம். அதுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போறேல்லை. எனக்குக் கோபமில்லை எண்டு நினைக்காதை. ஒவ்வொரு நாளும் கோபம். குளிசை போடுற மாதிரி, காலமை எழும்பினவுடனை."

விழாவில் மடியில் வைத்திருந்த அந்தக் கடதாசியில் என்ன இருந்தது என்று அனீட்டா கேட்டாள்.

"வந்து செய்த ஆக்களின்ர பேர், பிள்ளை. ஆர் பாடினது, ஆர் என்ன வேலை செய்துகொண்டு வந்தது எண்டு. ஒருக்கா மைக்கில சொல்லவேணும் எண்டு ஆசைப்பட்டனான்."

"இப்ப சொல்லுங்கோ," என்றாள் அனீட்டா.

மைக்கை அக்காவின் சேலையில் குத்தினாள். கமெராவை நான் பிடிக்கட்டுமா என்று கேட்டேன், தந்துவிட்டாள். அக்கா நெற்றியில் விழுந்த மயிரை ஒதுக்கிக்கொண்டு நேராக என்னைப் பார்த்தார். இல்லை, கமெராவின் வில்லையைப் பார்த்தார். அந்தப் பார்வை மாறவே இல்லை. கடதாசி இல்லாமல் தொடங்கினார். முதலாவதாக அண்ணாவியார். அவர் வேலையிடத்திலிருந்து ஓடிவந்த அந்தச் சனிக்கிழமை, ஸ்ரூடியோவில் மேளம் இல்லாமல் சாப்பாட்டுப் பெட்டியில் தாளம் போட்டது, பாடிய பாட்டின் முதல் இரண்டு வரி. பாடியே காட்டினார்.

அப்போது அவருடைய ஃபோன் அடித்தது. காது மந்தம் என்பதால் அவர் எப்போதும் சத்தமாகப் போட்டுத்தான் கதைப்பார். அறை முழுக்கக் கேட்டது. சங்கத்தின் இப்போதைய தலைவர்.

"அக்கா, மரியதாஸ் அண்ணை சொன்னவர், உங்கட பழைய நிகழ்ச்சியைப் பற்றி இப்ப இளம் பிள்ளையள் விசாரிக்கினமாம். எங்களுக்கும் பெருமைதானே. வாற ஆண்டுவிழாவில உங்களை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கௌரவம் செய்யப்போறம். பொன்னாடை போத்தி, ஒரு விருது."

"ஏற்புரை இருக்குமோ தம்பி?"

அந்தப் பக்கம் கொஞ்சம் தயக்கம். "அது அக்கா, இந்தமுறை பேச்சாளர்மார் கனபேர். நேரத்தைப் பாத்துத்தான்..."

"எனக்கும் நேரம் போதாது தம்பி. நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கு." ஃபோனை வைத்துவிட்டார்.

கமெரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. தலைவரின் அழைப்பும் அந்தத் தயக்கமும் ஒரு சொல் குறையாமல் பதிவாகியிருந்தன.

"அந்த ஃபோன் கதையைப் பிறகு வெட்டி எடுத்துவிடவா, அன்ரி?" என்று அனீட்டா கேட்டாள்.

"வேண்டாம், கிடக்கட்டும்," என்றார் றெஜினா அக்கா. "நாங்கள் ஒண்டையும் அழிக்கிறேல்லை."

பிறகு அண்ணாவியாரின் மூன்றாவது வரியிலிருந்து தொடங்கினார்.